சொல்லித்தான் தெரியணுமா

அப்பாவின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசத் தொடங்கியபோது வீட்டில் யாரும் அதை நோயாக நினைக்கவில்லை. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் 41 வருஷம் புடவை விரித்துப் போட்டவர் அவர். துணியின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தே எத்தனை நாள் உழைக்கும் என்று சொல்லிவிடுவார். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் விரல்கள் சும்மா இருக்க மாட்டேனென்கின்றன, பழகின கை என்று நினைத்துக்கொண்டோம். மருத்துவர்கள் அந்த அசைவை மாத்திரை உருட்டுவதற்கு ஒப்பிடுவார்கள் என்பதும், பார்க்கின்சன் நோயின் தொடக்க அடையாளங்களில் அது ஒன்று என்பதும் பிறகுதான் தெரிந்தது.

நடுக்கம் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. தெருவில் போகிறவர்கூட நின்று விசாரிக்கிறார். யார் கண்ணுக்கும் தெரியாமல் அப்பாவை விட்டுப் போன இன்னொன்று இருக்கிறது. அடுத்தவர் முகத்தைப் பார்த்து மனதை அறிவது. அதைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

கடையில் கூறைப்புடவை எடுக்க வரும் கூட்டத்தை முதலாளி அப்பாவிடம்தான் அனுப்புவார். வெள்ளை விரிப்பில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அத்தை ஒன்று சொல்வாள், மாமியாராகப் போகிறவள் ஒன்று சொல்வாள், கல்யாணப் பெண் வாயே திறக்க மாட்டாள். திருபுவனம் பட்டை விசிறி மடிப்பிலிருந்து உதறி விரித்தபடியே அப்பா அந்தப் பெண்ணை ஒரு தரம் பார்ப்பார். பார்த்ததாகவே தெரியாது. ஒதுக்கித் தள்ளிய ஏழெட்டுப் புடவைகளில் எதன்மேல் அவள் கண் மறுபடி போய்வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கடைசியில் அந்த அரக்கையோ மாம்பழ நிறத்தையோ ஒன்றும் பேசாமல் எல்லாவற்றுக்கும் மேலே எடுத்து வைப்பார். பள்ளி விடுமுறையில் கடைக்குப் போய் இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பெண்ணின் முகம் மலரும்போது அப்பாவின் முகமும் கூடவே மலரும். எது முதலில் மலர்ந்தது என்று சொல்ல முடியாது.

அப்படிப்பட்டவர் வீட்டில் யார் முகத்தைப் பார்த்தும் ஒன்றும் கேட்காதவராக மாறிப்போனார். அம்மா கடைசி இரண்டு வருஷம் முழங்கால் வலியில் தவித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்குவாள். ஒவ்வொரு படிக்கும் முகம் சுருங்கும். அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தபடி இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையாது.

"உங்கப்பாவுக்கு மனசு கல்லாயிடுச்சுடி" என்று அம்மா என்னிடம் சொன்னாள். "நாப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? சொல்லித்தான் தெரியணுமா?"

நானும் அப்படித்தான் நம்பினேன். அம்மா அந்த மனத்தாங்கலோடேயே போய்ச் சேர்ந்தாள்.

அவளுடைய முதல் திவசம் கழிந்த வாரம், அடுக்களையில் அவள் கைப்பட எழுதிய ஊறுகாய்ப் பாட்டில் சீட்டு ஒன்று கையில் அகப்பட்டது. அழுதேன். முகத்தைத் துடைக்காமலே கூடத்துக்கு வந்து அப்பாவுக்கு எதிரே நின்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு, "காபி ஆச்சாம்மா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் உள்ளே போனேன். அந்தக் கேள்வியைப் பல மாதம் மனதுக்குள் வைத்துக்கொண்டே அவருக்கு மாத்திரை கொடுத்தேன், குளிப்பாட்டினேன், சட்டைக்குப் பித்தான் போட்டுவிட்டேன். சேவை நடந்தது, உள்ளே ஈரம் இல்லை.

நரம்பியல் மருத்துவரிடம் வழக்கமான பரிசோதனைக்குப் போன ஒருநாள், அங்கிருந்த இளம் மருத்துவர் அப்பாவுக்கு எதிரே ஒரு திரையை வைத்து முகங்களைக் காட்டினார். பக்கத்தில் ஒரு தாளில் ஆறு சொற்கள் எழுதியிருந்தன. படத்துக்குப் பொருந்தும் சொல்லைத் தொட வேண்டும். சிரித்த முகத்துக்கான சொல்லை அப்பா உடனே தொட்டுக் காட்டினார். அடுத்து ஒரு பெண், புருவம் நெறித்து, பல்லைக் கடித்துக்கொண்டு. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. அப்பா வெகுநேரம் பார்த்தார். அவர் விரல் தாளின் மேல் அலைந்தது. கடைசியில் ‘வியப்பு’ என்ற சொல்லில் போய் நின்றது. பயந்த முகம் வந்தது, அழும் முகம் வந்தது, அருவருப்பில் மூக்கைச் சுளித்த முகம் வந்தது. எல்லாவற்றின் முன்னாலும் அந்த விரல் வழி தெரியாமல் நின்றது.

ஆட்டோவில் திரும்பும்போது அப்பா சொன்னார்: "அந்தப் பொண்ணு கோபமா இருக்கான்னாங்களே. எனக்கு அது வெறும் மூஞ்சியாத்தாம்மா தெரிஞ்சுது."

மகாமகக் குளம் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு மிக மெல்லிய குரலில், "எனக்குத் தெரியாம நீ அழுதிருக்கியா?" என்றார்.

நோய்க்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பார்க்கின்சன், லண்டனில் ஹாக்ஸ்டன் என்ற பகுதியில் வைத்தியம் பார்த்தவர். 1817-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அவர் விவரித்தது ஆறே பேரை. சிலர் அவருடைய நோயாளிகள்கூட இல்லை, தெருவில் கண்ணில் பட்டவர்கள். நடுக்கத்தையும் கூன் விழுந்த நடையையும் அவ்வளவு கூர்ந்து பார்த்து எழுதியவர், இந்நோயில் புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்றும் எழுதினார். இருநூறு ஆண்டுகளில் அதற்கு மேலும் தெரிய வந்திருக்கிறது. நடுக்கம் வருவதற்குப் பல வருஷம் முன்பே சிலருக்கு மோப்பம் குறைகிறது. பலருக்கு, பிறர் முகத்தில் ஓடும் உணர்ச்சியை இனங்காண்பது தடுமாறுகிறது. மகிழ்ச்சியை ஓரளவு கண்டுகொள்கிறார்கள். கோபமும் அச்சமும் துயரமும் அருவருப்பும்தான் கைநழுவுகின்றன. குரலின் ஏற்ற இறக்கத்தில் இருக்கும் கோபதாபமும் அப்படியே. எல்லாருக்கும் இது வருவதில்லை, வந்தவர்களுக்கும் ஒரே அளவில் இல்லை. ஆனால் வந்த வீட்டில் அது நடுக்கத்தைவிட ஆழமாக அறுக்கிறது என்பதை நான் என் வீட்டிலிருந்து சொல்ல முடியும்.

காரணம் ஒன்று மட்டுமில்லை. நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் சிறு பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அவை ஒவ்வொன்றாக மடிகின்றன. கை நடுங்கத் தொடங்கும் நாளில் அவற்றில் பெரும் பங்கு ஏற்கெனவே போயிருக்கும். அந்த டோபமைன் உடம்பின் அசைவுக்கு மட்டும் வேண்டியதில்லை, உணர்ச்சியை எடைபோடும் மூளைப் பகுதிகளுக்கும் வேண்டும். (அப்பா நாளுக்கு நான்கு வேளை விழுங்கும் மாத்திரையில் இருக்கும் லெவோடோபா, நம் வேலிகளில் படரும் பூனைக்காலி விதையிலும் இருக்கிறது. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்தார்கள். இந்த நோய்க்கு அது மருந்தாகும் என்று உலகம் அறிந்துகொள்ள இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இதைப் படித்துவிட்டு யாரும் விதையைப் பொடித்துச் சாப்பிட்டுவிட வேண்டாம்.)

இன்னொரு காரணம் சொல்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து என் மனம் அங்கேயே தங்கிவிட்டது. ஒரு முகத்தைப் பார்க்கும்போது நம் முகத்தின் தசைகள் நாமறியாமலே அதைக் கொஞ்சம் நடித்துப் பார்க்கின்றனவாம். எதிரே இருப்பவர் உதடு துடித்தால் நம் உதட்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துடிப்பு ஓடுகிறது. அந்தத் துடிப்பைக் கொண்டுதான் மனம் எதிராளியின் நிலையை உணர்ந்துகொள்கிறது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். பார்க்கின்சனில் முகத் தசைகள் இறுகிவிடுகின்றன. இமை கொட்டுவது குறைகிறது. எதிர்முகம் வந்து விழுந்தாலும் இந்த முகத்தில் எதிரொலி எழும்புவதில்லை.

அப்படியானால் பிறர் துயரத்தை அறிய நம் முகம் அந்தத் துயரத்தைச் சற்று அணிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஆன்மிகம் பேசுகிறவர்கள் ஆயிரம் வருஷமாக இரண்டறக் கலத்தல் என்று சொல்வதன் மிகச் சிறிய வடிவம் மாமிசத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. கடையில் அந்தக் கல்யாணப் பெண்ணோடு சேர்ந்து மலர்ந்த அப்பாவின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் அவளைப் படித்தது கண்ணால் மட்டுமில்லை. தன் கன்னத்தாலும் உதட்டாலும் படித்திருக்கிறார். அந்த ஏடு இப்போது இறுகிக் கிடக்கிறது.

அம்மாவின் படத்துக்கு விளக்கேற்றும்போது இதை அவளிடம் சொன்னேன். வாய்விட்டே சொன்னேன். "அவருக்குத் தெரியலம்மா. பார்த்தாரு, ஆனா தெரியல." அவள் இருந்த நாளில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. இதை எழுதும்போதும் நெஞ்சு கனக்கிறது.

நான் பள்ளியில் தமிழ் கற்பித்தவள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை எத்தனையோ ஆண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. மருத்துவமனைத் தாளில் இருந்த ஆறு சொற்களும் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் எல்லா மனிதர்க்கும் பொதுவென்று வகுத்த ஆறு: மகிழ்ச்சி, துயரம், அருவருப்பு, வியப்பு, அச்சம், கோபம். அந்த ஆறும் நம் எட்டுக்குள் அடங்கிவிடுவதைக் கண்டு அன்று அந்தப் பதற்றத்திலும் வியந்தேன். மெய்யில் படுவது மெய்ப்பாடு. மனதுக்குள் இருப்பது உடம்பில் வந்து தோன்றியே தீரும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நாம் சொல்வதும் அதே நம்பிக்கைதான். அப்பாவின் அகத்தில் அழகு இருந்தது. முகத்தில் தெரியவில்லை. அந்தப் பழமொழியை எங்கள் வீட்டில் நான் இப்போது சொல்வதில்லை.

திருக்குறளில் குறிப்பறிதல் என்று இரண்டு அதிகாரம். 71-ஆவது அமைச்சியலில் வருகிறது, 110-ஆவது காதலரைப் பற்றியது. ஒரே தலைப்பை வள்ளுவர் இரண்டு இடத்தில் வைத்திருக்கிறார் என்றால், அரசவைக்கும் படுக்கையறைக்கும் அது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள் என மாணவிகளிடம் பெருமையாகச் சொல்வேன். குறிப்பால் குறிப்பை உணராத கண் இருந்து என்ன பயன் என்று அதில் அவர் கேட்கும் இடம் உண்டு. அதையும் அழுத்திச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது அந்த இடம் வந்தால் அப்பாவின் கண் நினைவுக்கு வருகிறது. அவருக்குப் பார்வையில் குறையில்லை, கண்ணாடி போட்டால் பஞ்சாங்கத்தின் சின்ன எழுத்தும் படிப்பார்.

சொல்லாமலே அறிவதை நாம் பெரிய பண்பாகப் போற்றி வளர்த்திருக்கிறோம். நல்லதுதான். ஆனால் போற்றிப் போற்றி, சொல்லிப் பெறுவதை இரண்டாந்தரமாக்கிவிட்டோம். சொல்லித்தான் தெரியணுமா என்ற கேள்வி நம் வீடுகளில் எத்தனை சமையல்கட்டுகளில் எழுந்திருக்கும்! கேட்டுக் கிடைத்த அன்பு அன்பில்லை என்று யார் நமக்குச் சொல்லிவைத்தார்கள்?

இதற்கு எனக்கு விடை கிடைத்தது நாகேஸ்வரன் கோயிலில்.

அப்பாவுக்கு வாசற்படியைக் கண்டால் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை இழுத்தாலும் வராது. தரையில் ஒரு கோடு இருந்தால் மட்டும் அதைத் தாண்டுவதுபோல அடி எடுத்து வைக்க முடிகிறது. இந்த நோயில் அப்படி ஒரு விந்தை உண்டு. அன்று பிரதோஷத்துக்கு மறுநாள். மண்டபத்தில் யாரோ போட்டிருந்த கோலத்தின் காவிப் பட்டை அழியாமல் இருந்தது. அதைத் தாண்டித் தாண்டி அப்பா சந்நிதிக்கு வந்துவிட்டார். கூட்டமில்லை. குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

நான் அப்பாவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பாவே ஏதோ சொன்னார். நோயில் குரலும் தேய்ந்துவிட்டது. குருக்களுக்குக் கேட்கவில்லை. காதை அருகில் கொண்டுவந்தார். அப்பா மூச்சைச் சேர்த்துக்கொண்டு மறுபடி சொன்னார். என் பெயர். பிறகு, "உத்திரட்டாதி."

அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. தீபாராதனை வெளிச்சத்திலும் அது ஒரு பாறை மாதிரி அசையாமல்தான் இருந்தது. உள்ளே லிங்கம். அதற்கும் முகமில்லை. நான் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் தோன்றியது. எல்லாம் அறிந்தவன் என்று நம்பித்தான் இவன் முன்னால் வந்து நிற்கிறோம். இருந்தும் பெயரைச் சொல்கிறோம், நட்சத்திரத்தைச் சொல்கிறோம், கோத்திரம் தெரிந்தால் அதையும் சொல்கிறோம். பையனுக்கு வேலை கிடைக்கணும், இவருக்கு நடுக்கம் குறையணும் என்று ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்கிறோம். உனக்குத்தான் தெரியுமே, சொல்லித்தான் தெரியணுமா என்று எவரும் இவனிடம் முறைத்துக்கொண்டு திரும்பிப் போனதில்லை. அவன் முகத்தில் பதில் தெரியவில்லையே என்று மனம் உடைந்ததில்லை. சொல்லிவிட்டு, விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு, கேட்டிருப்பான் என்று படியிறங்குகிறோம். இந்தப் பெருந்தன்மையில் கால்வாசியை நான் அப்பாவுக்குக் காட்டியதில்லை. அவரோ தன் பெயரை விட்டுவிட்டு என் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்றிலிருந்து வீட்டில் சொல்லத் தொடங்கினேன். முதலில் கூச்சமாக இருந்தது, நாடக வசனம் மாதிரி. அவருக்கு நேராக, வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, பெயரிட்டுச் சொல்வேன். "அப்பா, இப்போ எனக்குக் கோபம் இல்ல. வெயில்ல வந்தது, களைப்பு." "அப்பா, இன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கேன், பேத்தி பாஸ் பண்ணிட்டா." "அப்பா, அம்மா ஞாபகம் வந்துடுச்சு. அழறேன்." கடைசி வாக்கியத்தை முதன்முறை சொன்ன அன்று, அவர் கை நீண்டு என் தலையைத் தேடி வந்தது. இத்தனை நாளும் அந்தக் கை வரக் காத்திருந்திருக்கிறது. அதற்கு வேண்டியிருந்தது ஒரு வார்த்தை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மாத்திரையின் வேகம் தணியும் மாலை நேரங்களில் அவர் எதிலும் ஒட்டாமல் இருப்பார். சில நாள் உண்மையாகவே மனச்சோர்வு. இந்த நோயில் அதுவும் வரும், அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். இறுகிய முகத்தைக் கண்டு சோர்வு என்று முடிவு கட்டுவதும் தவறு, முகம் அப்படித்தான் என்று சோர்வைக் கவனியாமல் விடுவதும் தவறு. மருத்துவர்களே அந்த முகத்தைப் பார்த்து ஆளைத் தவறாக எடைபோடுவதுண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்பது ஒன்றுதான் வழி. "மனசு எப்படிப்பா இருக்கு?" என்று தினம் ஒருமுறை கேட்கிறேன். சில நாள் "ஒண்ணுமில்ல" என்பார். சில நாள் விளக்கமாகச் சொல்வார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

அவரும் எனக்கொன்று கற்றுக்கொடுத்தார். போன நவராத்திரியில் பேத்தி கூடத்தில் ஆடிக்காட்டினாள். ஆடி முடித்துத் தாத்தாவைப் பார்த்தாள். பாறை முகம். குழந்தையின் முகம் வாட ஆரம்பித்தது. அந்த வாட்டம் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் தன் முகத்தைப் பற்றி அவருக்கு இப்போது தெரியும்.

"பாப்பா, தாத்தா சிரிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார். "உள்ள."

அவள் ஓடிவந்து அவர் சட்டையை விலக்கி நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள்.

நேற்று சாயந்திரம் விளக்கு வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியில் கிடந்த அவருடைய வலது கை வழக்கம்போல் காற்றில் இல்லாத துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "அப்பா, இன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கை மெல்ல நகர்ந்து வந்து என் முந்தானையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எடுத்துக்கொண்டது. துணியைப் பிடித்ததும் நடுக்கம் நின்றது.

"ம், சொல்லு" என்றார்.